சம்பந்தி போன்

எனக்கு அலுத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஜோமோளுக்கு வாய் நீளம் என்று யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் வாங்கிய சம்பளத்தில் பாதி, அடுத்தவர் மறந்துபோன பாஸ்வேர்டுக்காகக் கத்தியதற்கு வாங்கியதுதான்.

சர்வீஸ் விவரம், லீவு, பி.எஃப். என்று எல்லாவற்றையும் கம்பெனி ஒரு போர்ட்டலில் ஏற்றியது. ஏற்றியது சரி, இறங்குவது யார்? கொழுந்து கிள்ளிவிட்டு வரும் பெண்கள் என் ஜன்னலில் வந்து நின்று, "பாஸ்வேர்டு என்னன்னு சொல்லு புள்ள" என்று என்னிடமே கேட்பார்கள். எல்லோருக்கும் பிள்ளை பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான் பாஸ்வேர்டு. அதையும் மறந்துவிடக் கூடாது என்று அரிசி டின் மூடியில் எழுதி வைப்பார்கள், காலண்டர் ஓரத்தில் எழுதுவார்கள். இன்னாசிராஜ் அண்ணன் தன் குடையிலேயே பெயின்டால் எழுதிக்கொண்டு திரிந்தார். மழைக்காலம் முழுக்க எஸ்டேட்டே அவர் பாஸ்வேர்டைப் படித்தது. அப்புறம் எவனோ ஒருவன் "ஆபீசிலிருந்து பேசுகிறேன்" என்று தேனொழுகப் பேசி, நாலைந்து பேரிடம் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே புகுந்து விளையாடிவிட்டான். அதோடு கம்பெனி பாஸ்வேர்டை ஒழித்துக் கட்டியது. இனிமேல் பாஸ்கீ.

பாஸ்கீ என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பூட்டு கம்பெனியிடம் இருக்கும், சாவி உங்கள் போனுக்குள் இருக்கும். போனில் விரலை வைத்தால் பூட்டு திறக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எவனும் போன் போட்டுக் கேட்டு வாங்கவும் முடியாது. எந்தப் போனில் சாவியைப் போட்டோமோ அந்தப் போன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" என்ற வார்த்தையை தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. சொன்னதில் அந்தக் கடைசி வரியை மட்டும் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, மாதக் கடைசி. மத்தியானச் சோறு இன்னும் தொண்டையில் இருக்கும்போதே மதலேனம்மாள் சித்தி வந்தார். தலை நனைந்திருந்தது. பையன் ஷைஜு வாங்கிக் கொடுத்த புதுப் போனை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"ஏட்டி ஜோமோளு, அந்த நாமினிப் பேர இன்னைக்குப் போட்டுருவமா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "சித்தி, இன்னைக்கோட நீங்க வேலையில இருந்து பிரிஞ்சு போறீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அது பூட்டிரும். இத்தன நாளா எங்க போனீங்க?"

"அவகாசம் இருக்குன்னு சாரே சொன்னாருல்ல?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். புது ஃபீல்டு ஆபீசர் ரமேஷ்குமார் சார் தொடுபுழைக்காரர். முன்பு ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் நின்று, பிரிந்து போகிறவர்களுக்கு நாமினி வைக்க "அவகாசமுண்டு" என்று மலையாளத்தில் வாசித்தார். அவர் பாஷையில் அவகாசம் என்றால் உரிமை. எங்கள் சனம் அதைத் தமிழ்க் காதால் கேட்டது. சாரே அவகாசம் கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன அவசரம் என்று சித்தி வீட்டில் இஞ்சி நட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

விளையாட்டு இல்லை இது. எங்கள் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி வயசாகி வேலையிலிருந்து பிரிந்து போகும்போது வீட்டு ஆள் ஒருவரின் பெயரைக் கொடுக்கலாம். அவருக்கு வேலை கிடைக்கும், லயத்து வீடும் கையை விட்டுப் போகாது. பெயர் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். சித்தியின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று. ஷைஜு யாருடைய ஜீப்பிலோ டூரிஸ்டுகளை ஏற்றி இறக்குகிறான். மருமகள் ஜிஸ்மி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. விளாத்திகுளம் பக்கம் பூர்வீகம் என்பார் சித்தி, ஆனால் அங்கே அவரைப் பார்த்துக் குரைக்கக்கூட ஒரு நாய் கிடையாது. அந்த ஒற்றை ரூமும் சமையல்கட்டும் போனால் நாலு பேரும் ரோட்டில்தான்.

"உக்காருங்க" என்று போர்ட்டலைத் திறந்தேன். அவர் நம்பரைப் போட்டதும் புதுப் போனில் ஓ.டி.பி. வந்தது. சித்திக்கு ஒரே பெருமை. நான் அதை அடித்தேன். அடுத்து பாஸ்கீ கேட்டது. கேட்டதோடு நிற்காமல், எங்கே இருக்கிறது என்றும் தமிழில் சொன்னது.

"உங்கள் பாஸ்கீ உள்ள கருவி: சம்பந்தி போன்."

சித்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். உதடு அசைய அசைய நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிம்மு இதுலதான புள்ள இருக்கு?" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"சிம் இங்க இருக்கு சித்தி. சாவி அங்க இருக்கு."

அங்கே என்றால் பக்கத்து வீட்டில். எஸ்தர் சித்தியின் போனில். பாஸ்கீ போட்ட சமயத்தில் மதலேனம்மாளிடம் இருந்தது பட்டன் போன். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மலையில் கொழுந்து கிள்ளியவர்கள், வீடும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். எஸ்தரின் மகள் சிஞ்சுவை ஷைஜுவுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். இவர்கள் கத்தோலிக்கர், அவர்கள் சி.எஸ்.ஐ. "கோயிலுதான வேற, சாமி ஒண்ணுதான" என்று அதையும் பேசி முடித்தாயிற்று. மதலேனம்மாள் பிரியும்போது அந்த வேலை சிஞ்சுவுக்கு என்பதுவரை முடிவு. அதனால் போன் யாருடையது என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. "என் போன்லயே போடு ஜோமோளு, இனிமே ஒரே வீடுதான" என்றார் எஸ்தர் சித்தி. கருவிக்கு ஒரு பெயர் கேட்டது. "சம்பந்தி போன்னு போடு" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிச் சிரித்த சிரிப்பில் ஆபீஸ் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஷைஜு அடிமாலியில் ஜிஸ்மியைப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருக்கவில்லை, ரெஜிஸ்டர் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சிஞ்சு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சில்லை.

ஹெட் ஆபீசுக்கு போன் அடித்தேன். சனிக்கிழமை, எடுக்க ஆளில்லை. மெயில் போட்டேன். உடனே பதில் வந்தது. உங்கள் புகாருக்கு டிக்கெட் நம்பர் இது என்று. டிக்கெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன சினிமாவுக்கா போகப்போகிறேன்? மேனேஜரிடம் போனேன். போர்ட்டலுக்குள் கை வைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அது உண்மைதான், அதனால்தான் எரிச்சல்.

வேறு வழியில்லாமல் எஸ்தர் சித்திக்கே அடித்தேன்.

"அவ சாவி என் போன்ல என்னத்துக்குக் கெடக்கு?"

"நீங்கதான போடச் சொன்னீங்க."

"இப்பச் சொல்லுதேன், எடுத்துட்டுப் போ."

"சும்மா எடுக்க முடியாது சித்தி. நீங்கதான் விரல் வைக்கணும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல அந்தப் போன் இருந்தாத்தான் வேல செய்யும். தூரத்துல இருந்து ஒண்ணும் பண்ண முடியாது. செத்த நேரம் ஆபீசுக்கு வாங்களேன்."

"இடுப்பு வலி" என்று வைத்துவிட்டார்.

மதலேனம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை மறுபடி பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். "விடு புள்ள. போனா போவட்டும். எனக்கும் ஓஞ்சு போச்சு. அவ வாசல்ல போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்ல."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "மூஞ்சி இல்லைன்னா குடைய சாச்சுப் புடிச்சுக்கிட்டு வாங்க! அந்தக் கைப்பிள்ளைய எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?" என்று லேப்டாப்பைத் தூக்கி உர பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டேன். மழையில், சேற்றில், வீட்டுக்கே போய் விரல் வாங்குவது என் வேலையில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழி முழுக்க சித்தி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே என் பின்னால் வந்தார்.

எஸ்தர் சித்தி கதவைத் திறந்தார், என்னை மட்டும் பார்த்தார். நான் உள்ளே போய் முக்காலியில் லேப்டாப்பை வைத்தேன். மதலேனம்மாள் வாசலிலேயே குடையோடு நின்றுவிட்டார். அந்த வீட்டில் வாசல் பக்கம்தான் போனுக்குக் கொஞ்சம் ரேஞ்ச் கிடைக்கும், அதனால் நாங்கள் மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரு எட்டு தூரத்தில்தான் இருந்தோம். பக்கத்து வாசலில் ஜிஸ்மி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இங்கே வரவும் பயம், உள்ளே போகவும் மனசில்லை.

"சித்தி, ஒரே ஒரு தடவ" என்று ஆரம்பித்தேன்.

"ஜோமோளு, அந்தச் செவுத்தப் பாரு" என்றார் எஸ்தர் சித்தி. குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு அந்தப் பக்கம் கல்யாணச் சாப்பாடு போட்டாக. இந்தப் பக்கம் என் மவ பாய்ல குப்புறக் கெடந்தா. பிரியாணி வாசம் வருது புள்ள. கதவ சாத்துனேன், ஜன்னல சாத்துனேன், வாசம் வருது. செவுத்துக்கு மேல ஓடு வரைக்கும் தொறந்துல்ல கெடக்கு. நான் எத வச்சு அத அடைக்க?"

வாசலில் குடை லேசாக ஆடியது. "நான் என்னட்டி செய்ய? பெத்த புள்ள கேக்கல."

"கேக்கலைன்னா வந்து சொல்லணும்!" எஸ்தர் சித்தி முதல் முறையாக வாசல் பக்கம் திரும்பினார். "கடைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புளி வாங்கப் போன எடத்துல. 'சம்பந்தியம்மா, மாப்பிள கல்யாணத்துக்கு நீங்க போவலையா'ன்னு சிரிச்சான் அவன். ஒரே செவுரு. ஒரு வார்த்த நீ வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயந்துட்டேன்" என்றார் மதலேனம்மாள். "உன் மூஞ்சியப் பாக்கப் பயந்துட்டேன், வேற ஒண்ணுமில்ல."

எஸ்தர் சித்தி வாசலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். "சட்டுன்னு முடிச்சுட்டுக் கெளம்பு. எனக்கு அடுப்புல ஒல இருக்கு."

லேப்டாப் ஸ்கிரீனில் வந்த கட்டம் கட்டமான க்யூ.ஆர். சதுரத்தை அவர் போனால் படம் பிடிக்க வைத்தேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்கு ரேஞ்ச் வருவதும் போவதுமாக இருந்தது. நேரம் நாலரையைத் தாண்டிவிட்டது. கடைசியில் விரல் கேட்டது. ஈர விரல், எடுக்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். திறந்தது.

எனக்குப் பாதி உயிர் வந்தது. நாமினி பக்கத்துக்குப் போய் மளமளவென்று அடித்தேன். பெயர், வயது, ஆதார் நம்பர், உறவுமுறை. சேமி என்று அழுத்தினேன்.

"இது முக்கியமான மாற்றம் என்பதால் பாஸ்கீ மூலம் மீண்டும் உறுதிசெய்யவும்."

இதை எழுதினவன் கையில் கிடைத்தால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. பத்திரத்துக்குத்தான், பாதுகாப்புக்குத்தான், எல்லாம் எனக்கும் தெரியும். அவன் இந்த வாசலில் வந்து நின்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.

"சித்தி, இன்னொரு தடவ."

"இப்ப எதுக்கு?"

"பேர உறுதி பண்ண."

"என்ன பேரு? காட்டு."

மறைக்க முடியுமா? ஸ்கிரீனைத் திருப்பினேன். எஸ்தர் சித்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். ஜிஸ்மி. அடுத்த கட்டத்தில் விரலை வைத்து அதையும் வாசித்தார். மருமகள்.

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. யாரும் போய் இறக்கவில்லை. பக்கத்து வாசலில் பிள்ளை சிணுங்கியது, ஜிஸ்மி அதன் வாயைப் பொத்தாத குறை.

"இந்த எடத்துல சிஞ்சுன்னு இருக்கணும்" என்றார் எஸ்தர் சித்தி.

"ஆமா" என்றார் மதலேனம்மாள் வாசலிலிருந்து. "அப்படித்தான் இருக்கணும்."

உறுதிசெய்வதற்காக ஸ்கிரீனில் மறுபடி வந்திருந்த சதுரம் ரொம்ப நேரம் நிற்காது, கொஞ்சம் போனால் காலாவதி ஆகிவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற எனக்கு அந்த நேரம் பார்த்துக் குரல் வரவில்லை. எஸ்தர் சித்தி இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டால் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. என்னாலேயே சொல்ல முடியாது. சதுரம் காலாவதி ஆனது. நான் பேசாமல் புதுச் சதுரத்தைக் கொண்டுவந்தேன்.

எஸ்தர் சித்தி அதைப் படம் பிடித்தார். கட்டைவிரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தார், முதல் தடவையைவிட நன்றாகவே துடைத்தார். வைத்தார்.

சேமிக்கப்பட்டது என்று பச்சையாக வந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்தேன். வாசலில் குடை கீழே விழுந்தது. மதலேனம்மாள் சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நீ வைக்க மாட்டன்னு நெனச்சேன் எஸ்தர். சத்தியமா வைக்க மாட்டன்னு நெனச்சேன்."

"வைக்காம என்ன செய்ய? நீ காலி பண்ணிட்டுப் போனா அந்த வீட்டுக்கு எவளோ ஒருத்தி வருவா. புதுசா ஒருத்திகிட்ட மொதல்ல இருந்து சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்காததால் இருமுவதுபோல் சமாளித்தேன்.

கையோடு கையாக அந்தச் சாவி வேலையையும் முடித்துவிடலாம் என்று சொன்னேன். மதலேனம்மாளின் புதுப் போனைப் பிளாஸ்டிக் பையிலிருந்து வாங்கி, அவர் விரலை வைக்கச் சொல்லி அதில் புது பாஸ்கீ போட்டேன். இனிமேல் பி.எஃப். பார்க்கவோ வேறு எதற்கோ யாரையும் கேட்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்தது பழையது மட்டும்.

"பழச எடுத்துரட்டுமா சித்தி?" என்று எஸ்தர் சித்தியிடம் கேட்டேன்.

"எடு. இனிமே இதுக்காக யாரும் என் வாசல்ல வந்து நிக்க வேண்டாம்."

எடுத்தேன். லேப்டாப்பை மூடி உர பிளாஸ்டிக்கில் சுற்றினேன். எஸ்தர் சித்தி போய் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். மதலேனம்மாள் இன்னும் அங்கேயேதான் நின்றார். குடையை எடுக்கக்கூட இல்லை, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"வேற எதுக்காவது வந்து நிக்கலாமா?" என்றார்.

எஸ்தர் சித்தி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்காத. மழையில நின்னுட்டு முட்டு வலின்னு ராத்திரி பூரா நீ மொனங்குவ, செவுத்து வழியா நான்தான் கேக்கணும். வந்தா உள்ள வந்து உக்காரு."